சர்க்குலர் தாத்தா

(புனே கிளையின் குடும்ப விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விடுமுறையில் பேரன் பேத்திகளோடு என்ன செய்யலாம்?" என்ற தலைப்பில் பதினைந்து நிமிஷம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். நான் மத்திய அரசுப் பணியில் 36 வருஷம் ஃபைல் பார்த்தவன். படித்தது பி.எஸ்ஸி. பௌதிகம். கலைக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனாலும் 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் எங்கள் அகத்தில் ஒரு நகைச்சுவை வெப் சீரிஸ் தயாரானது. மொத்தம் நாலு எபிசோடு. ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷத்துக்குள். நடித்தவை அனைத்தும் பழைய சாக்ஸில் செய்த பொம்மைகள்! அந்தக் கதையையும், அதில் நான் வாங்கிய ஒரு குட்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெண் இங்கேயே இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவளுக்கு 12 வயதில் ஒரு பெண், 6 வயதில் ஒரு பிள்ளை. என் பிள்ளை இருப்பது குருகிராமில். அவனுக்கு 9 வயதில் ஒரே பையன். ஞாயிறுதோறும் அந்தப் பேரனோடு வீடியோ காலில் பேசுவது வழக்கம். ஆரம்பத்தில் அரை மணி நேரம் பேசுவான். நாளடைவில், "நமஸ்காரம் தாத்தா. நன்னா இருக்கேன். பாட்டிகிட்ட குடுங்கோ" என்று மூன்று வாக்கியத்தோடு முடித்துவிடுவான். பாட்டியிடம் மட்டும் இருபது நிமிஷம். குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் பளு அதிகம் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக் கொண்டேன்.

ஜூனில் அவன் புனே வந்தான். வந்த சில நாளில் மழை பிடித்துக் கொண்டது. மூன்று குழந்தைகளும் மூன்று மூலையில், ஆளுக்கொரு ஃபோனோடு உட்கார்ந்துவிட்டார்கள். என் மனைவி அலமாரியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து நடுக்கூடத்தில் கொட்டினாள். ஆஃபீஸ் நாட்களில் நான் போட்டுக்கொண்டிருந்த சாக்ஸ், ஒற்றையும் இரட்டையுமாக ஒரு டஜன். "இதை வெச்சு ஏதாவது பண்ணுங்கோ. இல்லேன்னா குப்பையில போட்டுடுவேன்" என்றாள்.

இதை அல்பமான ஆரம்பம் என்று நினைக்க வேண்டாம். உலகப் புகழ் பெற்ற கெர்மிட் என்ற தவளைப் பொம்மையை ஜிம் ஹென்சன் 1955-இல் தம் தாயாரின் பழைய கோட்டுத் துணியில்தான் செய்தார். கண்கள், ஒரு பிங்பாங் பந்தின் இரண்டு பாதிகள்.

எங்கள் பொம்மைகளுக்குக் கண் சட்டைப் பொத்தான். தலைமுடி, பாட்டி ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய கம்பளி நூல். கெட்டியான கல்யாணப் பத்திரிகையை வட்டமாக வெட்டி, இரண்டாக மடித்து, சாக்ஸின் நுனியில் ஒட்டினால் வாய் தயார். துணி உலர்த்தும் ஸ்டாண்டில் என் எட்டு முழ வேஷ்டியைத் தொங்கவிட்டோம். அதுதான் மேடை. எதிரே ஸ்டூல், அதன்மேல் நாலு பழைய டெலிபோன் டைரக்டரி, அதன்மேல் என் மாப்பிள்ளையின் செல்ஃபோன். பேத்தி தன்னை டைரக்டராக நியமித்துக் கொண்டாள். கதை வசனம் குழந்தைகள் மூவரும். எனக்கு ஒதுக்கப்பட்ட இலாகா ஒளியும் ஒலியும். கதை எழுதும் அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை!

பௌதிகம் படித்தது வீண் போகவில்லை. தலைக்கு மேலிருக்கும் டியூப் லைட் பொம்மையின் முகத்தில் நிழலைத்தான் தரும். ஜன்னல் பக்கமாக மேடையைத் திருப்பி, மறுபக்கம் ஒரு மேஜை விளக்கை வைத்து, அதற்கு முன்னால் சற்றுத் தள்ளி பட்டர் பேப்பரைப் பிடித்தால் வெளிச்சம் பரவலாக விழும். வெறும் சுவரும் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். ரஜாய், தலையணை, புடைவை எல்லாவற்றையும் சுற்றிலும் அடுக்கினோம். எதிரொலி போயிற்று. பால்கனித் தகரத்தில் விழும் மழைச் சத்தத்துக்கு மட்டும் மருந்தில்லை. மழை ஓய்ந்த நேரத்தில்தான் ஷூட்டிங்.

பொம்மை பேசும்போது மேலே நாலு விரலைத் தூக்கினால் அது ஆகாயத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுவது போல் இருக்கும். விரல்களை அசைக்காமல் கட்டைவிரலை மட்டும் கீழே இறக்க வேண்டும். அசைக்கு ஒரு தடவை வாய் திறந்தால் போதும். மணிக்கட்டைச் சிறிது முன்னால் சாய்த்தால்தான் பொம்மை பார்ப்பவரைப் பார்க்கும். பத்து நிமிஷம் கையைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், தோள்பட்டை பேசும்!

இனி அந்தக் குட்டு. இரண்டாம் நாள் சாயங்காலம். காபி வேண்டுமா என்று கேட்கப் போனவன், மூடிய கதவுக்குப் பின்னால் என் குரலே கேட்டு நின்றுவிட்டேன். பேரன் மிமிக்ரி செய்து கொண்டிருந்தான். "சர்க்குலர் நம்பர் 14! காபி குடிச்ச டம்ளரைக் குடிச்சவாளே அலம்பணும். நகல், பாட்டிக்கு!" உள்ளே ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்து வந்த வசனம் இது.

"தாத்தா, நேத்திக்கு நான் ஸ்கூல்ல விழுந்துட்டான்."

"விழுந்துட்டான் இல்லை, விழுந்துட்டேன். திருப்பிச் சொல்லு."

"விழுந்துட்டேன். முழங்கால்ல ரத்தம் வந்தான்."

"வந்தான் இல்லை, வந்தது. ரத்தம் அஃறிணை."

"சரி தாத்தா. பாட்டிகிட்ட குடுங்கோ."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அது கற்பனை இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குள் நடந்த பேச்சு அது. குழந்தை விழுந்துவிட்டேன் என்று சொல்கிறான். நான் இலக்கணம் பார்த்திருக்கிறேன். அடி பலமா என்று கேட்கவே இல்லை. நம் பாஷை அழியக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் திருத்தித் திருத்தியே, என்னோடு அவன் பேசும் பாஷையை நானே அழித்துவிட்டேன்!

முதலில் கோபம்தான் வந்தது. பெரியவர்களைக் கேலி செய்வதா என்று மனைவியிடம் பொரிந்தேன். "நான் அப்பவே சொன்னேன், நீங்க காதுல வாங்கிண்டேளா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் நாடக மரபை யோசித்துப் பார்த்தேன். சம்ஸ்கிருத நாடகத்தில் ராஜாவின் பக்கத்திலேயே இருந்து அவனைக் கேலி செய்யும் உரிமை விதூஷகனுக்கு உண்டு. அவன் பெரும்பாலும் அந்தணன், சாப்பாட்டு ராமன். நம்மவரை நாமே கேலி செய்துகொள்வது புதிதல்ல! தமிழ்நாட்டுத் தோல்பாவைக் கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும் வந்து ஊர் விவகாரத்தையெல்லாம் போட்டு உடைப்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பொம்மை சொல்லும். ஒன்பது வயதுக் குழந்தை எனக்கு மனு எழுதிப் போட முடியுமா? சாக்ஸை மாட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

மறுநாள் காலையில் டைரக்டரிடம் போய், "தாத்தா பொம்மைக்கு நான் குரல் குடுக்கலாமா?" என்று கேட்டேன். பேரன் முகம் வெளுத்துவிட்டது. டைரக்டர் அசரவில்லை. "டெஸ்ட் இருக்கு தாத்தா" என்றாள். முதல் டெஸ்டில் நான் ஃபெயில். "நீங்க ரொம்ப நல்லவரா பேசறேள், காமெடி வரலை. நிஜமா எப்படிப் பேசுவேளோ அப்படிப் பேசுங்கோ." இரண்டாவது தடவை பாஸ்.

அந்தக் காட்சி நாலாவது எபிசோடில் வந்தது. வேஷ்டிக்குப் பின்னால் பேரனும் நானும் தரையில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது டேக். அவன் பொம்மை, "முழங்கால்ல ரத்தம் வந்தான்" என்றது. எனக்கு எழுதிக் கொடுத்த வசனம் வாயில் வரவில்லை. "ரொம்ப வலிச்சுதாடா?" என்று கேட்டுவிட்டேன். அவன் பொம்மை சற்று நேரம் அசையவில்லை. பிறகு மெதுவாக, "ரொம்ப வலிச்சான் தாத்தா" என்றது. நான் திருத்தவில்லை.

டைரக்டர் அந்த டேக்கை வெட்டிவிட்டாள். "இதுல காமெடி இல்லை தாத்தா." இரண்டாவது டேக்தான் படத்தில் இருக்கிறது. வெட்டியதை நான் கேட்டு வாங்கி என் ஃபோனில் வைத்திருக்கிறேன்.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். எபிசோடு சின்னதாக இருக்கட்டும். யூடியூபில் 2005-இல் ஏற்றப்பட்ட முதல் வீடியோவே 19 விநாடிதான். கணக்கு பெரியவர் பெயரில் இருக்க வேண்டும். எங்களுடையது என் பெண் பெயரில். அன்லிஸ்டட் என்று போட்டால் லிங்க் உள்ளவர்கள்தான் பார்க்க முடியும். ஆனால் லிங்க்கை யாரும் யாருக்கும் அனுப்பலாம் என்பதை மறக்காதீர்கள். ஆகவே குழந்தைகளின் முகம், பெயர், பள்ளிக்கூடம் எதுவும் வேண்டாம். பொம்மை நடிப்பதில் இது ஒரு சௌகரியம். உறவினர் யாரையாவது கேலி செய்தால் அவர் சம்மதம் வாங்குங்கள். எங்கள் உறவு மாமா ஒருவரின் குறட்டையை வைத்து எழுதிய காட்சியை அவர் மறுத்ததால் எடுத்துவிட்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாத்தா பாட்டிகளே, கதையைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். உங்களைப் போல ஒரு பொம்மை வந்தால் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வருகிறது. "சர்க்குலர் தாத்தா இருக்காரா?" என்று கேட்பான். நான் சாக்ஸை மாட்டிக்கொண்டு உட்காருவேன். சில வாரம் ஐந்து நிமிஷம், சில வாரம் அரை மணி. தமிழில் தப்பு நிறைய இருக்கிறது. ரத்தம் இன்னும் உயர்திணைதான். அவனாகக் கேட்டால் சொல்லிக் கொடுப்பேன். போன மாதம் ஒரு வார்த்தை கேட்டான்.