வற்றும் குளமும் வந்தடையும் பறவைகளும்

குளத்து நீர் வற்றியதும் பறந்து போகும் பறவைகளை, வறுமை வந்ததும் விலகிச் செல்லும் உறவினர்க்கு உவமையாக்குகிறது மூதுரை. குளத்தோடு கிடந்து வாடும் நீர்க்கொடிகளையே அந்நூல் உண்மை உறவாகப் போற்றுகிறது. மனித உறவை விளக்குவதற்கு அவ்வுவமை மிகப் பொருந்தும். ஆயினும், பங்குனி, சித்திரைத் திங்களில் விடியற்காலையில் ஓர் ஏரிக்கரையில் நிற்பவர் இன்னொரு காட்சியையும் காண்பார். நீர் குறையக் குறையச் சில பறவைகள் நீங்குகின்றன. வேறு பல வந்து சேர்கின்றன.

திண்டிவனம், மதுராந்தகம், வந்தவாசி வட்டாரத்து ஏரிகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிய நீர் பாசனத்திற்குப் போக, எஞ்சியது கோடையில் பள்ளமான இடங்களில் குட்டைகளாகத் தேங்குகிறது. ஏரியெங்கும் பரவியிருந்த மீனும் நண்டும் நத்தையும் அச்சிறு நீரில் நெருங்கிக் கிடக்கின்றன. நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது. காற்றை நேரே விழுங்கும் விரால் தாக்குப்பிடிக்கிறது. ஏனைய மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து திணறுகின்றன. பறவைகள் கூடுவதற்குக் காரணம் இதுவே.

கூடுகின்ற பறவைகளிடையே ஓர் ஒழுங்கும் உண்டு. அவரவர் கால் நீளமும் அலகின் அமைப்பும் அவரவர்க்குரிய நீரை வரையறுக்கின்றன. ஆழம் உள்ளவரை நீர்க்காகம் மூழ்கி மீன் பிடிக்கும். கூழைக்கடா மிதந்து மீன் வாரும். நீர் முழங்கால் அளவாகும்போது சங்குவளை நாரை இறங்குகிறது. அலகைச் சிறிது திறந்து நீருள் விட்டு நடக்கும் அது, மீன் தொட்ட கணத்தில் அலகை மூடிவிடுகிறது. கலங்கிய நீரிலும் அதற்குக் கண் தேவையில்லை. துடுப்பு வாயன் தன் தட்டையான அலகை இடமும் வலமும் வீசிச் செல்கிறது. நத்தைகுத்தி நாரை சேற்றில் புதைந்த நத்தையைத் தேடி எடுக்கிறது. நீர் இன்னும் வற்றிச் சேறு வெளிப்பட்டதும் உள்ளான்கள் வந்து குத்தித் தின்னுகின்றன. ஒரு பந்தியார் எழுந்ததும் அடுத்த பந்தியார் அமர்வது போன்றது இக்காட்சி.

அப்பந்தி சிலவற்றுக்கு உயிர்நாடியாகும். வடபுலத்திலிருந்து வலசை வந்த உள்ளான்கள், பங்குனி, சித்திரையில் நெடும்பயணத்தைத் தொடங்குமுன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவை நம்பியிருப்பது சேற்றில் வாழும் புழுக்களையே. வேடந்தாங்கலில் பிறந்த குஞ்சுகள் சிறகு முற்றி வெளியேறும் பருவமும் இதனை ஒட்டியதே. இரை தேடிப் பழகாத இளம்பறவைக்கு, இரை நெருங்கிய ஆழமற்ற நீர் எத்துணை உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேடந்தாங்கல் மக்கள் இவ்வுண்மையை முன்பே உணர்ந்தவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அறிந்து அவற்றைக் காத்தனர். வெள்ளையர் படையினர் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஆட்சியரிடம் முறையிட்டு, 1798-இல் காப்புரிமையும் பெற்றனர். அண்மைக் காலத்தில், மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்துள்ள கழுவெளி என்னும் உவர்நீர்ச் சதுப்பு 2021-இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. கழுவெளியும் கோடையில் பெரும்பகுதி வறண்டு வெடித்துக் கிடப்பதே. எனினும், காப்பகப் பலகை இல்லாத சிற்றூர் ஏரிகளே எண்ணிக்கையில் மிகுதி. அவற்றைக் காக்க அவ்வூரார் அன்றி வேறெவரும் இலர்.

முற்றும் வறண்ட ஏரி கூட வெற்றுநிலம் அன்று. அங்கே ஆள்காட்டிக் குருவி, கூடென்று ஒன்று கட்டாமல், தரையில் சிறு குழி பறித்துப் பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடுகிறது. முட்டையின் நிறம் மண்ணின் நிறமே. கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கும் எளிதில் புலப்படாது. நண்பகல் வெயிலில் தாய்ப்பறவை குட்டைக்குச் சென்று அடிவயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கிறது. அருகிலுள்ள குட்டை இறைக்கப்பட்டால் அந்த ஈரமும் இல்லாது போகும். தலைக்கு மேல் அப்பறவை கத்திச் சுற்றுகிறதென்றால், காலடிக்கு அருகே முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். நிலம் நோக்கி அடிவைத்து நடக்கும் முனிவர்களின் ஒழுக்கத்தை அறிந்த இவ்வவையினர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

ஏரிகளில் வண்டல் எடுப்பதும் தூர்வாருவதும் இக்கோடையில்தான். அவை வேண்டிய பணிகளே. நீர் நிற்க வேண்டுமானால் தூர்வாரியே ஆக வேண்டும். பொக்லைன் இறங்குமுன் ஒருநாள் காலையில் ஊர் இளைஞர் இருவர் கரையிலிருந்து பார்த்து, ஆள்காட்டி சுற்றும் இடத்தைக் குறித்து வைத்தால் போதும். ஏறத்தாழ நான்கு வாரங்களில் குஞ்சு பொரித்துவிடும். பொரித்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் எழுந்து நடக்கும். அதுவரை அப்பகுதியை விட்டுவைத்து மற்றப் பகுதியில் பணி செய்யலாம். கடைசிக் குட்டையை மோட்டார் வைத்து இறைத்து, மீன் முழுவதையும் அள்ளாதிருத்தல் வேண்டும். குப்பை கொட்டுவதற்கு வறண்ட ஏரியைத் தேடாதிருத்தலும் வேண்டும்.

காண விரும்பும் குடும்பத்தினர் வெயில் ஏறுமுன் செல்லலாம். கரையிலேயே நின்று, உரத்துப் பேசாமல், இருகண்ணோக்கி கொண்டு பார்ப்பதே முறை. கைபேசியில் படமெடுக்க நெருங்கிச் சென்றால் பறவை எழுந்துவிடும்; முட்டை வெயிலிலும் காக்கையின் கண்ணிலும் பட்டுவிடும். நாயை உடன் அழைத்துச் செல்லுதல் ஆகாது. பார்த்த பறவைகளின் பெயரையும் நாளையும் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், சில ஆண்டுகளில் அதுவே அவ்வூர் ஏரியின் வரலாறாகிவிடும்.

நீர் வற்றியபின் நீங்கும் பறவை, மழை பெய்து ஏரி நிரம்பினால் மீண்டும் வருகிறது. வறண்டு கிடந்த நாளில் ஏரி தூர்ந்து மனையாகிவிட்டால் அது திரும்பி வருவதற்கு இடமேது? குளத்தின் வறுமைக் காலத்தில் அதனைக் கைவிடும் உறவு எது என்பதை ஒவ்வோர் ஊராரும் தம் ஏரிக்கரையில் நின்று எண்ணிப் பார்த்தல் நலம்.