பாயோடு ஒட்டவைக்கும் ஊர்



நண்பனைத் தேடிச் சென்ற பயணம் என்றதும் இலக்கிய நெஞ்சங்களுக்குப் பிசிராந்தையாரே நினைவுக்கு வருவார். பாண்டி நாட்டுப் புலவரான அவரும் சோழ மன்னன் கோப்பெருஞ்சோழனும் முன்னர் ஒருவரையொருவர் கண்டதில்லை. வடக்கிருக்கத் துணிந்த மன்னன், நண்பன் வருவான் என்று தன்னருகே ஓர் இடத்தை ஒதுக்கிவைக்கச் சொன்னான். புலவரும் வந்தார் என்பதைப் புறநானூற்றால் அறிகிறோம். நம்முடைய நட்புகள் அத்தனை உயர்ந்தவையல்ல. ஆயினும், நமக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கையில்தானே நாமும் அறியாத ஊருக்குப் பஸ் ஏறுகிறோம்!

1970களின் நடுப்பகுதியில் பேராதனை விடுதியில் என் அறைத் தோழனாக இருந்தவன் மட்டக்களப்பான். நான் யாழ்ப்பாணத்தவன். அவனுடைய தகப்பனார் படுவான்கரையில் வடமோடிக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தையும், பின்னர் 'இராவணேச'னையும் மேடையேற்றிய கதைகள் எங்கள் காலத்திலும் விடுதிகளிற் பேசப்பட்டன. அந்த உற்சாகத்தில், ஒரு விடுமுறை முடிந்து வரும்போது தகப்பனாரின் கூத்துக் கொப்பியை நண்பன் கொண்டுவந்தான். இரவிரவாக அவன் பாடினான், நான் எழுதினேன். அவ்வாறு உருவான பிரதி என்னிடமே தங்கிவிட்டது.

1978 நவம்பர் 23 ஆந் திகதி வீசிய சூறாவளி அண்ணாவியார் வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது. மழை கொப்பியைக் கரைத்தது. என் பிரதியோ 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, காணி உறுதிகளுக்கும் பரீட்சைச் சான்றிதழ்களுக்கும் நடுவில், ஒரு துணிப்பையில் என்னோடு தென்மராட்சிக்கு வந்தது. 2002 இல் ஏ-9 பாதை திறந்தது. அடுத்த ஆண்டு அதே துணிப்பையுடன் மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன்.

"தம்பி, கவனம். அங்கை போறவையைப் பாயோடை ஒட்டவைச்சுப் போடுவாங்கள்" என்றார் அம்மா. மட்டக்களப்பில் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்பது யாழ்ப்பாணத்திலே நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு.

நான் அந்த நகரத்தைப் புத்தகங்களிலே படித்திருந்தேன். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை. 1924 இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம். பாலத்தின் கீழே பாடும் மீன். நண்பன் என் பட்டியலைக் கேட்டுச் சிரித்தான். "மீன் பாட பௌர்ணமி வேணும் மச்சான். நீ வந்து நிக்கிறது அமாவாசைக்குக் கிட்ட."

அவன் காட்டிய ஊர் வேறு. வாவிக்குக் கிழக்கே சூரியன் எழுகின்ற கரை எழுவான்கரை. மேற்கே சூரியன் படுகின்ற கரை படுவான்கரை. திசைகாட்டியே தேவைப்படாத ஊர்ப் பெயர்கள்! கல்லடியிலே அவன் குடியிருந்தது மனைவியின் வீடு. அங்கே வீடு பெண்ணுக்கு. மணம் முடித்தவன் அவள் வீட்டுக்குப் போகவேண்டும். "நானும் இந்த வீட்டில விருந்தாளிதான், இருபத்திரண்டு வருசமா" என்றான். "அண்ணன், இவர் சொல்றதைக் கேக்காதீங்க. இன்னுமொரு அகப்பை தயிர் போடுங்க" என்றார் அவனது மனைவி.

மறுநாள் காத்தான்குடி, ஆரையம்பதி கடந்து மண்முனைத் துறைக்குப் போனோம். அப்போது அங்கே பாலம் இல்லை. பாதையில் ஏறி வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால் உள்ள அவனது பிறந்த ஊரை அடைந்தோம். அண்ணாவியார் இறந்து பல ஆண்டுகள். அவருக்கு மத்தளம் அடித்த முதியவர் ஒருவர் மட்டும் இருந்தார். கொப்பியைக் கையில் வாங்கிய அவர் அதைத் திறக்கவில்லை. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

"நீங்க சொல்லுங்க மனே" என்றார்.

நான் முதல் வரவுப் பாட்டை வாசித்தேன். என் யாழ்ப்பாண உச்சரிப்பைக் கேட்டுச் சூழ நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். முதியவர் அவர்களை அதட்டிவிட்டு, தொடையிலே தாளம் போட்டு, நான் வாசித்த வரியைப் பாடினார். அடுத்த வரியை நான் வாசிக்க முன்னரே பாடினார். பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டார். நான் வாசித்தேன், மீண்டும் பாடினார். என்னிடம் சொல் இருந்தது, இசை இல்லை. அவரிடம் இசை இருந்தது, சொல் பாதி உதிர்ந்துபோயிருந்தது. நண்பனோ முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டு நின்றான்.

கூத்துப் பழக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு கூத்தனுக்கும் அவனவன் பாடவேண்டிய பகுதியைப் பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குச் 'சட்டங்கொடுத்தல்' என்று பெயர். முழுக் கொப்பி ஏட்டண்ணாவியார் கையில் இருக்கும். அந்த முறையை நினைத்தோ என்னவோ, முதியவர் ஒரு நிபந்தனை போட்டார்: கொப்பி கல்லடிக்குத் திரும்புமுன் மூன்று பொடியன்கள் அதை முழுமையாகப் பார்த்தெழுத வேண்டும். இரண்டு நாளில் திரும்பவிருந்த நான் ஒன்பது நாள் தங்கினேன். பகலில் அவர்கள் எழுதினார்கள். இரவில் முதியவர் பாடிக்கொடுத்தார். நான் படுத்த பாயிலே மந்திரம் எதையும் காணவில்லை.

2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் கல்லடிக்குள் புகுந்தது. நண்பனின் குடும்பத்தில் இருவர் போய்விட்டனர். வீடு அத்திவாரமாயிற்று. சில வாரங்களின் பின்னர் தொலைபேசியில் அவன் குரலைக் கேட்டேன். போனவர்களைப் பற்றியே நெடுநேரம் பேசினான். கடைசியாக, "கொப்பியும் போயிற்று மச்சான். அக்கரையில மூணு கிடக்கு" என்றான். நான் மறுமொழி சொல்லவில்லை. மூன்று பிரதிகள் இருப்பது ஆறுதல்தான். ஆனால் மனிதருக்குப் பிரதி ஏது?

2014 இல் மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது. இன்று வாவியைக் கடக்க யாரும் பாதைக்குக் காத்து நிற்கவேண்டியதில்லை. அன்று எழுதிய பொடியன்களில் ஒருவர் இப்போது தம் ஊரிலே பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்குகிறார். முதியவர் பாடியதை அவர் காதாற் கேட்டிருந்தமையே அதற்குக் காரணம். வெறும் கொப்பி மட்டும் கிடைத்திருந்தால் அது ஒரு நூலகத்துக்குரிய பொருளாகவே இருந்திருக்கும்.

நேயர்களே, பல்கலைக்கழக நாட்களில் நண்பன் ஒருவனிடம் பெற்ற ஏதோவொன்று உங்கள் அலுமாரியிலும் இருக்கக்கூடும்: ஒரு கையெழுத்துப் பிரதி, ஒரு படம், ஒரு கடிதக் கட்டு. தபாலில் அனுப்பாதீர்கள், கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்குமுன் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அவனது ஊரில் அதைப் பாடத் தெரிந்தவர், அந்தப் படத்தில் இருப்போரின் பெயர் சொல்லத் தெரிந்தவர் இன்னும் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால், உங்கள் திரும்பும் பயணத்தைச் சில நாட்கள் பின்போடுங்கள்.