மேட்டூர்த் தண்ணீரும் எண்ணூர்ச் சாம்பலும்

மின்சாரம் என்றதும் திருவொற்றியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது எண்ணூர்ப் புகைபோக்கிதான். இன்று மேட்டூரிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன்.

1934-இல் கட்டி முடித்த அணை. நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டா பாசனத்துக்காகக் கட்டியது. மின்சாரம் கூடவே கிடைத்த வரவு. ஜூன் 12-இல் குறுவைக்குத் தண்ணீர் திறந்தால் அணை மின்நிலையமும் 200 மெகாவாட் சுரங்க மின்நிலையமும் ஓடும். காவிரி பொய்த்தால் நிற்கும்.

120 அடி உயரத்திலிருந்து பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் விழுந்தால் கிடைப்பது சுமார் ஒரு யூனிட். நம் தெருவுக்கு வருகிற தண்ணீர் லாரி நிறைய இருக்குமே, அவ்வளவுக்கும் ஒரே யூனிட்! ஆனால், எந்திரத்தைச் சுழற்றிய தண்ணீர் அப்படியே கல்லணைக்குப் போய் வயலில் பாய்கிறது. அனல்மின் நிலையத்தில் அதே யூனிட்டுக்கு முக்கால் கிலோ அளவு நிலக்கரி எரிகிறது. மிஞ்சுவது சாம்பல்.

அந்தச் சாம்பல் எங்கே போகிறது? நம் பக்கத்தில்தான். 1970-இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை நிலையம் ஓடுகிறது. 2024-இல் 800 மெகாவாட் அலகு ஒன்று புதிதாகச் சேர்ந்தது. சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆறு மேடுதட்டியது. இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் வயிற்றில் அடித்த கசிவு அது.

அணையால் யாருக்கும் இழப்பில்லை என்று சொல்ல மாட்டேன். மேட்டூர் நீருக்குள் ஊர்கள் மூழ்கின. நீர் வற்றும்போது பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி இன்றும் தலைகாட்டுகிறது. காவிரியில் இன்னொரு மேட்டூருக்கு இடமும் இல்லை.

வேறு வழி ஆனைமலையில் இருக்கிறது. காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறது. ஏற்றச் செலவாகும் மின்சாரம் இறக்கிப் பெறுவதைவிட அதிகம்தான். பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தில் ஏற்றினால் அந்த நஷ்டம் தாங்கக்கூடியதே. நீலகிரியில் குந்தாவில் இதே முறையில் 500 மெகாவாட் திட்டம் எடுக்கப்பட்டிருக்கிறது. அது தாமதமாகும் ஒவ்வொரு மாலையும் விளக்கேற்றும் நேரத் தேவைக்கு எண்ணூர்ப் பக்கம் கூடுதல் நிலக்கரி எரியும். குந்தா வேலை எதுவரை வந்திருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் வடசென்னைக்காரர்கள்தான்.