ஹெட்டைச் சீவும் கணக்கு

இன்ஜின் பட்டறைகளில் நடக்கும் ஒரு வேலையை இன்று எடைபோட்டுப் பார்க்கலாம். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, அதன் அடிப்பரப்பை மில்லிங் மெஷினில் மெல்லிசாகச் சீவிவிட்டு, திரும்பப் பூட்டுவார்கள். கம்ப்ரஷன் ஏறும், இழுவை கூடும் என்பது நம்பிக்கை. ஏறும், கூடும், பொய்யில்லை. எவ்வளவு என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை கதை மாறுகிறது.

ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 400 சி.சி., பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் அதற்கு மேலே மிஞ்சும் இடம் 50 சி.சி. என்று வையுங்கள். 450 சி.சி. கலவை 50-க்குள் அமுங்குகிறது. விகிதம் 9-க்கு 1. ஹெட்டைச் சீவி அந்த இடத்தை 45 ஆக்கினால் விகிதம் 9.9-ஐ ஒட்டி வரும். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலை நூற்றுக்கு இரண்டரைதான் கூடுகிறது. அதே சூத்திரத்தில் 4-ஐ 5 ஆக்கிப் பாருங்கள்: நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் கூடும். விகிதம் ஏற ஏற, அடுத்த படியில் கிடைக்கும் லாபம் சுருங்கிக்கொண்டே போகும்.

அதனால்தான் இந்த வேலைக்குப் பொற்காலம் என்று ஒன்று இருந்தது. ஃபோர்டு மாடல் டி ஓடிய நாளில் விகிதம் 4-ஐ ஒட்டித்தான் இருந்தது. அன்றைய பெட்ரோல் அதற்கு மேல் தாங்காது. அளவுக்கு மீறி அமுக்கினால், பிளக் பற்றவைத்த தீ போய்ச் சேருவதற்குள் மிச்சக் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். விடாமல் கேட்டால் பிஸ்டனே ஓட்டையாகும். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ இதை ஆராய்ந்தார். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்து பெட்ரோலின் தாங்கும் திறனை உயர்த்தினார். காற்றில் ஈயம் கலந்த கேட்டை உலகம் பல பத்தாண்டுகள் சுமந்தது. அது தனியே பேசவேண்டிய விஷயம். பெட்ரோல் தேறியது, ஆனால் சாலையில் ஓடிய இன்ஜின்கள் பழைய பெட்ரோலுக்காக அடக்கிச் செய்யப்பட்டவை. நடுவில் இருந்த அந்த இடைவெளியில்தான் ஹெட் சீவுகிறவர்கள் புகுந்தார்கள்.

1932-இல் ஃபோர்டு விலை மலிவான வி-8 இன்ஜினைக் கொண்டுவந்தது. 65 குதிரைத்திறன், விகிதம் 5.5. தென் கலிஃபோர்னியாவில் மியூராக் என்ற வறண்ட ஏரிப்படுகையில் காரை விரட்டிய இளைஞர்கள் கையில் அது சிக்கியது. அந்த இன்ஜினில் வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும். ஹெட் வெறும் மூடி. கழற்றுவது சுலபம், சீவுவதும் சுலபம். வசதியுள்ளவர்கள் அலுமினிய ஹெட் வாங்கினார்கள், மற்றவர்கள் இருந்ததைச் சீவினார்கள். அங்கேயும் ஓர் எல்லை உண்டு: வால்வு மேலே எழும்போது மூடியில் இடிக்கும் அளவுக்குப் போய்விடக் கூடாது.

வால்வுகள் ஹெட்டுக்குள் குடியேறிய பிறகு வேலை சிக்கலானது. சீவச் சீவ வால்வு பிஸ்டனை நெருங்குகிறது. புஷ்ராடு உள்ள இன்ஜினில் அதன் நீளம் மிஞ்சிப்போகும். கேம் மேலே இருந்தால் செயின் தளர்ந்து வால்வு டைமிங் பின்தங்கும். வி வடிவ இன்ஜினில் இரண்டு ஹெட்டும் கீழே இறங்குவதால், நடுவில் உட்காரும் மேனிஃபோல்டின் போல்ட் துளைகள் ஒத்துவராது; அதையும் சீவவேண்டும்.

இன்னொன்றைப் பல பட்டறைகளில் கவனிப்பதே இல்லை. ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் உச்சியில் நிற்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடுக்கு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருந்தால், கலவையைச் சுழற்றி நாக்கிங்கைத் தடுக்கும். ஹெட்டைச் சீவுவதால் இந்த இடுக்கு துளியும் குறையாது. ஹெட்டில் கலவை எரியும் குழிதான் ஆழம் குறையும். இடுக்கு அகலமாக இருந்தால் மெல்லிய கேஸ்கெட் போடலாம், அல்லது பிளாக்கின் மேற்பரப்பைச் சீவலாம். அதை விட்டுவிட்டு ஹெட்டையே சீவிக்கொண்டிருந்தால் விகிதம் ஏறும், கூடவே நாக்கிங்கும் ஏறும்.

நல்ல கைகாரரை எப்படி அடையாளம் காண்பது? மெஷினைப் போடுமுன் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். குழியின் மேல் துளையிட்ட கண்ணாடித் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டி, ப்யூரெட்டிலிருந்து திரவத்தை விட்டு ஒவ்வொரு குழியையும் சி.சி. கணக்கில் அளப்பார். நான்கு குழியும் நான்கு அளவாக இருந்தால் முதலில் அவற்றைச் சமமாக்குவார். ஏனென்றால், எல்லாவற்றிலும் சின்னக் குழி எதுவோ, அதுதான் முதலில் நாக்கிங் காட்டும். மற்ற மூன்றும் அதற்குக் கட்டுப்பட்டே ஓடவேண்டும். என் கணக்கில், சராசரி வண்டிக்குச் சீவலைவிட இந்தச் சமப்படுத்தலே பெரிய உபகாரம். பூட்டுமுன் பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, இன்ஜினைக் கையால் சுற்றி, வால்வு பதித்த தடத்தை அறுத்து அளந்து பார்ப்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்று அறிந்தவர் அவர்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாள்களில், வெளிநாட்டு உதிரிபாகம் எளிதில் கிடைக்காது. அந்த நிலையில், கையில் இருக்கும் ஹெட்டைச் சீவுவது நியாயமான வழி. ஆனால் வண்டி ஓடும் உயரத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும்: மலைமேல் காற்று மெல்லியது என்பதால் ஊட்டியில் சத்தமில்லாமல் ஓடும் விகிதம், மேட்டுப்பாளையம் இறங்கியதும் தட்டத் தொடங்கலாம்.

இன்று பட்டறைக்கு வரும் ஹெட்டுகளில் பெரும்பாலானவை சூடேறி வளைந்து கேஸ்கெட் போனவை. அவற்றை மட்டம் பிடிக்கும் அளவுக்குச் சீவினால் போதும். புது இன்ஜினைச் சீவி வேகம் தேடுபவருக்கு நான் தரும் மதிப்பெண் குறைவு. தொழிற்சாலையே விகிதத்தை 10-க்கு மேல் கொண்டுபோய்விட்டது. மாஸ்டா 2011-இல் சில சந்தைகளில் 14-க்கே போனது. நாக்கிங் சென்சார் பொருத்திய வண்டியில் ஹெட்டைச் சீவிவிட்டு அதே பெட்ரோலை ஊற்றினால், சென்சார் நாக்கிங்கைக் கேட்டு இக்னிஷனைப் பின்தள்ளிவிடும். சீவிப் பெற்ற இரண்டரை விழுக்காடும் அங்கேயே கரைந்துபோகும்.