வெண்புள்ளி மறைந்த பின்னும்



மீன்தொட்டி வைத்திருப்போர் பெரிதும் அஞ்சும் நோய் ஒன்று உண்டு. மீனின் உடலிலும் துடுப்பிலும் உப்புத் தூவினாற்போலச் சின்னஞ்சிறு வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. மீன் கூழாங்கற்களில் உடலை உராய்கிறது, இரையை வெறுக்கிறது, செவுள்கள் விரைந்து துடிக்கின்றன. சில நாட்களில் தொட்டியிலுள்ள பிற மீன்களும் இதற்கு ஆளாகின்றன. இதனையே வெண்புள்ளி நோய் என்கிறோம்.

அடுகோடியிலும் பெங்களூரின் பிற பகுதிகளிலும் வாழும் நாம் இந்நோயைப் பற்றிச் சற்று விரிவாகவே அறிதல் வேண்டும். இந்நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதத்து இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி அளவிற்கு இறங்குவது இயல்பு. சிறு தொட்டியின் நீர் விரைவில் குளிர்ந்துவிடும். சென்னைக் கொளத்தூரில் வெதுவெதுப்பான நீரில் வளர்ந்த மீனை, ஊர் சென்று திரும்புகையில் பையிலிட்டுக் கொண்டுவருகிறோம். பயணக் களைப்பும் திடீர்க் குளிரும் அதன் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. நோய்க்கு அதுவே வாய்ப்பு.

இந்நோயை உண்டாக்குவது இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்னும் ஓரணு உயிர். 1876ஆம் ஆண்டில் ஃபூக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் இதனை விவரித்தார். மல்டிஃபிலிஸ் என்பதற்கு 'மக்கள் பலவுடையது' என்பது பொருள். அப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதை அதன் வாழ்க்கையே காட்டும்.

முதலில் அது மீனின் தோலுக்கு அடியில் தங்கி உண்டு வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி அதுவே. வளர்ந்தபின் மீனை விட்டு நீங்கி, தொட்டியின் அடியில் படிந்து, தன்னைச் சுற்றி உறையொன்றை அமைத்துக்கொள்கிறது. உறையினுள் பலமுறை பிளவுபட்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகிறது. அவை வெளிவந்து நீந்தி மீனைத் தேடுகின்றன. இரண்டொரு நாளில் மீன் கிட்டாவிடில் அவை மடியும்.

தோலும் உறையும் இதற்குக் கவசங்கள். ஆதலின் மருந்து கொல்வது நீந்தித் திரியும் குஞ்சுகளை மட்டுமே. புள்ளிகள் மறைந்தவுடன் நோய் தீர்ந்தது என மருந்தை நிறுத்துவது எவ்வளவு தவறு என்பது இப்போது விளங்கும். புள்ளி மறைந்தது எனில் பகைவன் மாண்டான் என்பதன்று. பெருகுவதற்காகக் கீழே இறங்கினான் என்பதே பொருள்.

இனி மருத்துவ முறையைக் காண்போம். வெப்பமூட்டியைக் கொண்டு நீரைச் சிறிது சிறிதாக, இரண்டு நாட்களில் 30 டிகிரிக்கு உயர்த்துக. வெப்பத்தில் கிருமியின் வாழ்க்கைச் சுற்று விரைந்து முடிவதால், குஞ்சுகள் விரைவில் மருந்துக்கு அகப்படும். வெந்நீரில் பிராணவாயு குறையும். ஆகவே காற்றுக் குழாயை இரவும் பகலும் இயக்குக. தங்கமீனுக்கு இவ்வளவு வெப்பம் ஒவ்வாது. அதற்கு உப்பே போதும்.

கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம் வேண்டும். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் உள்ள தொட்டியில் 25 சென்டிமீட்டர் உயரம் நீர் இருப்பின் அது 45 லிட்டர். அதற்கு உப்பு 90 கிராம். அதனை மூன்று பங்காக்கி, கரைத்து, ஒன்றரை நாளில் சேர்க்கலாம். கெளுத்தி, அயிரை வகைகளும் சில நீர்ச்செடிகளும் உப்பைத் தாங்கமாட்டா; அவற்றிற்குக் குறைத்தே இடுக. மாலகைட் பச்சை கலந்த மருந்தை வாங்கினால், அளவு பிறழாமல் இடுக. வடிகட்டியிலுள்ள கரியை முன்னரே எடுத்துவிடுக. உண்ணும் மீனுக்கு அம்மருந்து ஆகாது.

நாள்தோறும் அடியில் படிந்த கசடைக் குழாயால் உறிஞ்சி அகற்றினால் உறைகளும் நீங்கும். மாற்றாக ஊற்றும் நீரில் அதே விகிதத்தில் உப்பிருத்தல் வேண்டும். நம் குழாய்களில் வரும் காவிரி நீரும் குளோரின் கலந்ததே. குளோரின் நீக்கியபின், தொட்டியின் வெப்பத்திற்குக் கொண்டுவந்து ஊற்றுக. கடைசிப் புள்ளி மறைந்தபின் இன்னும் ஒரு வாரம் மருத்துவம் தொடரட்டும். வெப்பம் குறைந்த நீரில் இக்காலம் நீளும்.

புதிதாக வந்த மீனை மூன்று வாரமேனும் தனித்தொட்டியில் வைத்துக் காத்திருத்தலே சிறந்த தடுப்பு. அதற்கெனத் தனி வலையும் வேண்டும். நோயுற்ற மீனைக் கண்டதும் கைவிட வேண்டுவதில்லை. உரிய காலத்தில் தொடங்கி, உரிய காலம்வரை தொடர்ந்தால் பெரும்பாலும் அது பிழைக்கும்.