ஹவுராவின் பட்டறைகளைக் கேளுங்கள்

கொல்கத்தாவைச் சொந்த ஊராக்கிக்கொண்ட தமிழ்ப் பெருமக்களே!

"வங்காளத்தைக் கெடுத்தது கொடியும் கோஷமும்தான்" என்று நம்மவர்களே பேசுகிறார்கள். லேக் மார்க்கெட்டில் காய் வாங்கும்போதும் பேசுகிறார்கள், விடுமுறைக்குச் சென்னை போய் உறவுக்காரர் வீட்டில் உட்கார்ந்தும் பேசுகிறார்கள். 1967-இல் இங்கே நடந்த கெராவ்களை நான் மறைக்கப் போவதில்லை. மேலாளரை மணிக்கணக்கில் முற்றுகையிட்டால் முதலாளி மூட்டை கட்டத்தான் செய்வார். ஆனால் இந்தக் கதை 1967-இல் தொடங்கியதல்ல, தோழர்களே!

1947-ஐ நினைத்துப் பாருங்கள். 1855-இல் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை வந்தது. பிறகு ஹூக்ளியின் இரு கரையும் ஆலைகளாயின. 1947-இல் ஒரே கோட்டில் நாட்டைப் பிரித்தார்கள். ஆலை இந்தப் பக்கம் நின்றது, நல்ல சணல் விளையும் வயலில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்தக் காயம் ஆறுவதற்குள் 1956-இல் தில்லி சரக்குக் கட்டணச் சமப்படுத்தலைக் கொண்டுவந்தது. ஜாம்ஷெட்பூர் எஃகு பக்கத்திலிருக்கும் ஹவுராவில் என்ன விலையோ, அதே விலைதான் பம்பாயிலும் சென்னையிலும். ரயில் கூலியை எல்லார் தலையிலும் சமமாகப் பிரித்துப் போட்டார்கள். பக்கத்தில் இருந்தவன் தூரத்தில் இருப்பவனின் கூலியையும் சேர்த்துக் கொடுத்தான். நிலக்கரிக்கும் இரும்புக்கும் அருகில் இருந்ததுதான் இந்த மண்ணின் மூலதனம். அதைக் கொள்கை வகுத்துப் பிடுங்கினார்கள். பருத்திக்கு இப்படி ஒரு சமப்படுத்தல் வந்ததா? வரவில்லை. பம்பாயின் பருத்தி பம்பாய்க்கு, வங்காளத்தின் எஃகு ஊருக்கெல்லாம்! 1990-களின் தொடக்கம் வரை, ஏறத்தாழ 35 ஆண்டு, இது நடந்தது.

இதனால் ஆதாயம் அடைந்தவர்களில் நாமும் உண்டு. இதைத் தமிழன் வாயால் சொல்ல வேண்டும், இந்த நகரத்தில் நின்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இன்று மேடை ஏறினேன்.

சமமான எஃகு விலை மட்டுமா தமிழ்நாட்டை உயர்த்தியது? இல்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1958-இல் கிண்டியில் தொழிற்பேட்டை திறந்தார்கள், பிறகு அம்பத்தூர் வந்தது. சிறு முதலாளிக்குக் கொட்டகை, மின்சாரம், பக்கத்திலேயே தொழில் கற்றவர்கள். ஏற்கெனவே கையில் இருந்த தொழிலுக்கு அரசு தோள் கொடுத்தது. முன்னேறிய வட்டாரம் மேலும் முன்னேறும், பின்தங்கியது மேலும் பின்தங்கும், அரசு குறுக்கே வந்தால்தான் அது மாறும் என்று 1957-இல் குன்னார் மிர்தால் எழுதினார். இங்கே அரசு குறுக்கே வந்தது, தவறான பக்கத்திலிருந்து.

மாநில அரசு மட்டும் என்ன செய்தது? பெரிய ஆலை ஒன்றை நட்டால் சுற்றுவட்டாரமே தழைக்கும் என்று நம்பி, 2006-இல் டாடா கார் ஆலைக்காகச் சிங்கூரில் விளைநிலத்தை 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு எடுத்தார்கள். 997 ஏக்கர்! விவசாயிகள் எதிர்த்தார்கள். 2008 அக்டோபரில் டாடா குஜராத்தின் சானந்துக்குப் போனது. 2016-இல் உச்ச நீதிமன்றம் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஆலையும் இல்லை, கான்கிரீட் கொட்டிய மண்ணில் பழைய விளைச்சலும் இல்லை. டாடாவுக்கு 765 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சலுகை கொடுத்துக் கூட்டிவந்த ஆலை, வேறு மாநிலம் கூடக் கொடுத்தால் போய்விடும். பெரிய ஆலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஒன்றை மட்டுமே நம்பிக் கிடப்பதுதான் பிழை என்கிறேன்.

ஏற்கெனவே கையில் இருக்கும் தொழிலைப் பார்க்க வேண்டுமா? ஹவுராவுக்குப் போய்ப் பாருங்கள். நியூயார்க் தெருவில் பாதாளச் சாக்கடையை மூடும் இரும்பு மூடிகள் அங்கே வார்க்கப்பட்டுக் கப்பலேறியிருக்கின்றன. உருகிய இரும்பைச் செருப்பில்லாக் காலோடு ஊற்றினார்கள் அந்தத் தொழிலாளிகள். மட்டியாபுருஸில் வீட்டுக்கு வீடு தையல் எந்திரம் ஓடுகிறது. 1996-இல் உச்ச நீதிமன்ற ஆணையால் டாங்ராவிலிருந்து கிளம்பிய தோல் தொழில் பன்தலாவில் நிற்கிறது. மூன்று இடத்திலும் கைத்திறன் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இல்லாததும் போதாததும் எவை? வடிகால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, நியாய வட்டியில் கடன், புதிய எந்திரம் கற்றுத்தரும் பள்ளி, தொழிலாளியின் காலுக்கு ஒரு காலணி!

முதலீட்டாளர் மாநாடுகளில் கையெழுத்தாகும் ஒப்பந்தத் தொகையைக் கேட்டுக் கைதட்டாதீர்கள். அதில் எத்தனை ரூபாய் ஹவுராவின் சந்துக்குள் வந்தது என்று கேளுங்கள். ஆள்வது எந்தக் கட்சியானாலும் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருபவரிடம் ஹவுராவுக்கும் மட்டியாபுருஸுக்கும் பன்தலாவுக்கும் தனித்தனியே என்ன செய்வீர்கள் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவருக்கு உங்கள் ஓட்டைத் தராதீர்கள்!