ஸ்பேனர் பிடித்த கைகள்

(தலைப்பு: "மோட்டார் சைக்கிள் மோகம் குடும்பத்தைப் பிரிக்கிறதா? சேர்க்கிறதா?" முக்கூடலில் நடந்த பட்டிமன்றத்தில் 'சேர்க்கிறதே' என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! இவ்வளவு நேரம் நம்மையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார வைத்துவிட்டுப் போன எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) மடியில் இருந்த பீடித் தட்டை இறக்கி வச்சிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற முக்கூடல் தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே!

நடுவர் அவர்களே, முக்கூடற்பள்ளு பாடின முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம் இருக்கு. இது வேற முக்கூடல். ஆனா ரெண்டு ஊரும் பேரிலேயே 'கூடல்'னு வச்சிருக்கு. இந்த ஊருக்கு வந்து மேடை ஏறி, 'பிரிக்கிறது, பிரிக்கிறது'ன்னு பேச இவங்களுக்கு எப்படி ஐயா மனசு வந்தது? (கைதட்டல்)

எதிரணிப் பேராசிரியர் ஒரு கணக்குச் சொன்னார். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் நம்ம தமிழ்நாடுதான் முதலிடம். அவருக்கு அடுத்துப் பேசிய அம்மா, 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் 13 வயதுப் பிள்ளை ஒருவன் போட்டியின்போது விழுந்து இறந்ததைச் சொன்னார்கள். ரெண்டும் உண்மை. ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கல. அந்தப் பிள்ளையின் மரணத்தைச் சாமர்த்தியமாகப் பேசித் தாண்டிப் போக எனக்கு வாய் வராது. நானும் பெத்தவதான்.

ஆனா ஒண்ணு கேட்கிறேன். இந்தத் தாமிரபரணியும் உயிரைக் கொண்டு போகத்தானே செய்யுது? அதுக்காக ஆத்தங்கரை ஊர்ல பிறந்த பிள்ளைக்கு நாம நீச்சல் சொல்லிக் கொடுக்காம விட்டோமா? முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டி, அப்பா கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டு, "பயப்படாம வா, நான் இருக்கேன்ல"ன்னு கூப்பிட்டார். பிள்ளை போனான். ஆறு ஆபத்துதான். ஆபத்துக்குள்ளே அப்பா நின்னார். அதனால பிள்ளை கரையேறினான்.

வண்டியும் அப்படித்தான். நாம வேண்டாம்னு சொன்னாலும் பிள்ளை வண்டிப் பக்கம் போகத்தான் போறான். அவனுக்கு அதைப் பழக்குறது யாரு? அப்பாவா, தெருமுனையில நிக்கிற கூட்டாளியா? இன்னைக்கு இந்த மன்றத்துக்கு முன்னால இருக்கிற கேள்வி இதுதான். (கைதட்டல்)

புல்லட், புல்லட்னு எதிரணியில திட்டினாங்க. அந்தப் புல்லட்டோட கதையே தாய் பிள்ளைக் கதை ஐயா! ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துக் கம்பெனி. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அவங்களும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியான்னு ஒரு கம்பெனி தொடங்கினாங்க. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதல்ல அங்கிருந்து பாகம் பாகமா வரும், இங்கே பூட்டுவாங்க. அப்புறம் அச்சும் கருவியும் வந்தது. ஒவ்வொரு பாகமா இங்கேயே செய்யக் கத்துக்கிட்டாங்க. 1970இல் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது. தாய் போய்ச் சேர்ந்தா. திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைச்சுக்கிட்டான். பிழைச்சது மட்டுமா? 1977இல் அந்தப் பிள்ளை செஞ்ச வண்டி தாய் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு! (கைதட்டல்)

ஏன் பிழைச்சான்? வெறும் வண்டியை மட்டும் அனுப்பியிருந்தா, தாயோடயே அந்த வண்டியும் போயிருக்கும். செய்யிற வித்தையையும் சேர்த்துக் கொடுத்தாங்க. பிள்ளைக்குச் சாவியை மட்டும் கொடுக்கிற அப்பா வேற. ஸ்பேனரையும் கொடுக்கிற அப்பா வேற. எதிரணியினர் பேசினது முழுக்கச் சாவி கொடுத்த அப்பாவைப் பத்தி. நான் பேசுறது ஸ்பேனர் கொடுத்த அப்பாவைப் பத்தி.

வண்டியை இஷ்டத்துக்கு மாத்துறது இந்தக் காலத்துக் கிறுக்குன்னு சொன்னாங்க. அப்படியா? நம்ம ஜில்லாத் திருக்குறுங்குடியில 1877இல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். அவர் பேர்ல வளர்ந்த நிறுவனம் 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50ன்னு ஒரு வண்டி விட்டது. அதை வாங்கினவர்கள்ல கம்பெனி கொடுத்தபடியே எத்தனை பேர் ஓட்டினோம்? வாழைத்தார் கட்ட பின்னால கம்பி கேரியர். பால் கேன் தொங்க ரெண்டு பக்கமும் கொக்கி. சின்னப் பிள்ளை உட்கார முன்னால ஒரு குட்டி சீட்டு. பட்டறையில அப்பா நின்னு அளவு சொல்லுவார். பிள்ளை அதிலேயே உட்கார்ந்து அளவு காட்டும். முன்னால அரிசி மூட்டை, நடுவுல பிள்ளை, பின்னால வீட்டம்மா, அவங்க மடியில இன்னொரு பிள்ளை. அந்த ஒரு சீட்டுல அன்னைக்குக் குடும்பம் சேர்ந்திருந்தது மாதிரி இன்னைக்கு மூணு பெட்ரூம் வீட்டுல சேர்ந்திருக்கா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். என் மகனுக்குப் பிளஸ் டூ மார்க் வந்த அன்னைக்கு அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு நின்னு போச்சு. "அவன் சாப்பிட்டானான்னு கேளு." "அப்பா எப்ப வெளியே போவாருன்னு கேளும்மா." ஒரே வீடு, ஒரே கூடம், நடுவுல நான் தபால்காரி. தபால்காரிக்காவது மாசம் பிறந்தா சம்பளம் உண்டு! (சிரிப்பு)

எங்க மாமனார் விட்டுட்டுப் போன 1989 மாடல் புல்லட் ஒண்ணு தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் தார்ப்பாயை எடுத்துட்டுக் கிக்கரைப் போட்டு மிதி மிதின்னு மிதிக்கான். திண்ணையில பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்த மனுஷன் அஞ்சு நிமிஷம் பொறுத்துப் பார்த்தாரு. அப்புறம் வாயைத் திறந்தாரு. "ஏல, அப்படி மிதிச்சா திருப்பி அடிச்சுக் காலை ஒடிச்சிரும். பேட்டரியே செத்துல்லா கிடக்கு. முதல்ல பிளக்கைக் கழத்து. அந்தப் பிளக் ஸ்பேனரை எடு."

மூணு மாசம் கழிச்சு என் மகன்கிட்ட அவங்க அப்பா நேரா பேசின முதல் வார்த்தை, 'ஸ்பேனரை எடு'. (கைதட்டல்)

அதுக்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் முற்றம் பூரா கிரீஸ். நான் ஒரு வார்த்தை சொல்லல. கார்புரேட்டரைக் கழத்துனாங்க. ஜெட்டுல ஊசி முனை மாதிரி ஒரு ஓட்டை. அடைச்சிருக்கா இல்லையான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கணும். எங்க வீட்டுக்காரர் கண்ணாடியை ஏத்திப் பார்த்தாரு, இறக்கிப் பார்த்தாரு. கடைசியில, "எனக்குத் தெரியல. நீ பாருல"ன்னுட்டாரு. அந்த மனுஷன் வாயால 'எனக்குத் தெரியல'ங்கிற வார்த்தையை இருபது வருஷத்துல அன்னைக்குத்தான் நான் முதல் தடவையா கேட்டேன்! (பலத்த சிரிப்பு)

பையன் ஜெட்டைப் பார்த்துக்கிட்டே, தலையை நிமிர்த்தாம சொன்னான்: "எப்பா, எனக்கு இன்ஜினியரிங் வேண்டாம். ஐ.டி.ஐ.யில மோட்டார் மெக்கானிக் படிக்கேன்." எனக்கு அடுப்படியில கை நின்னு போச்சு. அவரு பழந்துணியில ரொம்ப நேரம் கையைத் துடைச்சாரு. அப்புறம், "முதல்ல அந்த நட்டை ஒழுங்கா முறுக்கு. மத்ததைப் பிறகு பேசுவோம்"னாரு.

'பேசுவோம்'! அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை கோயில் படி ஏறியிருப்பேன் தெரியுமா? முகத்தைப் பார்த்து ரெண்டு பேருக்கும் சொல்ல முடியாததை, ஒரே எஞ்சினைப் பார்த்துக்கிட்டே சொல்லிட்டாங்க. இப்ப அவன் ஐ.டி.ஐ.யில ரெண்டாம் வருஷம். (கைதட்டல்)

உடனே எதிரணி கேட்கும்: "அந்தப் புல்லட்டை அவன் கையில கொடுத்து அனுப்புனீங்களா?" கொடுத்தோம், அவனுக்கு 18 முடிஞ்சு லைசென்ஸ் எடுத்த பிறகு. 2019இல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 199-ஏ பிரிவைப் படிச்சுப் பாருங்க. வயசு வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செஞ்சா பெத்தவங்களுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது.

இன்னொண்ணு. பழைய புல்லட்டுல கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இப்போ வர்ற வண்டியில அப்படியே தலைகீழ். புது வண்டியில பழகினவன் அவசரத்துக்குப் பிரேக்குன்னு நினைச்சுக் கியரை மிதிப்பான். இதைக் கூட்டாளி சொல்லுவானா? எங்க வீட்டுக்காரர் நெல்லு காயப்போடுற களத்துல ஒரு மாசம் அவனை வட்டம் சுத்த விட்டாரு. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவா அமுக்கணும். ஆம்பியர் முள் நடுவுக்கு வரும். டீகம்ப்ரசர் லீவரைப் பிடிச்சுக் கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கணும். லீவரை விட்டுட்டு ஒரே மிதி! பொறுமை இல்லாதவனுக்கு அந்த வண்டி கிளம்பவே கிளம்பாது. பிள்ளைக்குப் பொறுமையைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வாத்தியார் எங்கே இருக்காரு?

வீட்டுல சண்டையே வரலையான்னா, வந்தது. பையன் வெடிச் சத்தம் போடுற சைலன்சர் கேட்டான். அப்பா ஒரே வார்த்தையில முடியாதுன்னுட்டாரு. சட்டமும் அவர் பக்கம்தான். 52ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில உள்ள விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அப்போ என்னதான் செய்யலாம்? டாங்குல கோடு போடலாம்! திருவொற்றியூர்ப் புல்லட்டுகளின் டாங்கில் ஓடுமே பொன் நிறக் கோடு, அதைத் தூரிகை பிடிச்சுக் கையாலேயே வரைஞ்ச அண்ணன் தம்பிகள் சென்னையில உண்டு. அதைப் படிச்சுட்டு என் மகனும் தூரிகையை எடுத்தான். கோடு கொஞ்சம் கோணல்தான். அழிச்சிட்டு வேற ஆள் வச்சுப் போடலாமேன்னேன். "அது கிடக்கட்டும், என் மகன் போட்ட கோடு"ன்னாரு அப்பா. மூணு மாசம் பேசாத அப்பா! (நீண்ட கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சுக்கிறேன் ஐயா. அப்பன் மகனுக்குச் செய்ய வேண்டியது, சபையிலே அவனை முன்னால இருக்கப் பண்றதுன்னு வள்ளுவர் சொன்னார். ரோட்டுல முன்னால போகப் பண்ணுன்னு சொல்லல! (சிரிப்பு) எங்க அணி வேகத்துக்கு வக்காலத்து வாங்கல. இங்கே இருக்கிற அப்பாமார்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: பிள்ளை வண்டி கேட்டா, உடனே வாங்கியும் கொடுக்காதீங்க, விரட்டியும் விடாதீங்க. வீட்டுல கிடக்கிற பழைய வண்டியைக் கழத்தி, பக்கத்துல அவனை உட்கார வச்சுக்கோங்க. மகளையும் உட்கார வச்சுக்கோங்க. நட்டுக்கும் போல்ட்டுக்கும் ஆண் பெண் தெரியாது. ஒவ்வொரு நட்டும் எதுக்கு இருக்குன்னு தெரிஞ்ச பிள்ளை கண்மூடித்தனமா முறுக்க யோசிப்பான். பிரேக்கைத் தன் கையாலேயே பூட்டினவனுக்கு அதோட அருமை தெரியும்.

ஆகவே, நடுவர் அவர்களே, மோட்டார் சைக்கிள் மோகம் குடும்பத்தைச் சேர்க்கத்தான் செய்கிறது என்று, பேரிலேயே கூடலை வைத்திருக்கிற இந்த ஊரில் நல்ல தீர்ப்புத் தருமாறு கேட்டு, இரவு வண்டியில் வீடு திரும்புகிற எல்லாரும், பின்னால் உட்காருகிறவர்களும், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போகும்படி வேண்டி, விடைபெறுகிறேன்.

(கைதட்டல்)